எம்.ஜி.பி.யில் ரோவர் வி8: மாற்று ஆல்டர்னேட்டர் பொருத்தும் முறை

இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார், 1798 சி.சி. நான்கு சிலிண்டர் இன்ஜினுடன் பிறந்த வண்டி. அதன் முன்பகுதியில் ரோவர் நிறுவனத்தின் 3528 சி.சி. அலுமினிய வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜினை இறக்கிவைக்கும் பழக்கத்தை 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பந்தய ஓட்டுநர் கென் காஸ்டெல்லோ பரவலாக்கினார். பின்னர் தொழிற்சாலையே 1973 முதல் 1976 வரை 2591 எம்.ஜி.பி. ஜி.டி. வி8 என்ற மூடிய கூரைக் கார்களைச் செய்து விற்றது. அந்த 2591-இல் அடங்காத எம்.ஜி.பி. வி8-கள், குறிப்பாக அக்காலத்துத் திறந்த கூரை வண்டிகள் அனைத்தும், யாரோ ஒருவர் தம் பட்டறையில் இன்ஜின் மாற்றியவையே. அப்படி ஒரு வண்டியை அண்மையில் வாங்கி, அதன் ஆல்டர்னேட்டரை, அதாவது இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தந்து பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவியை, முதன்முறையாக மாற்றப்போகிறவருக்காக இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். பதிவுப் புத்தகத்தில் உள்ள மாடலையும் ஆண்டையும் கடைக்காரரிடம் சொன்னால், அவர் நான்கு சிலிண்டர் எம்.ஜி.பி.க்கு உரிய ஆல்டர்னேட்டரையே எடுத்து வைப்பார். அதில் அவர் தவறு எதுவும் இல்லை. உங்கள் வண்டியின் பிராக்கெட், புல்லி, பெல்ட், ஒயர் ஆகிய நான்கும் எந்தப் பட்டியலிலும் இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் கையில் கிடைத்ததை வைத்துச் செய்தவையாக அவை இருக்கலாம். ஆகவே இந்த வேலையில் பட்டியலைவிட அளவுகோலுக்கும் மல்டிமீட்டருக்குமே அதிக வேலை இருக்கிறது.

எவ்வளவு ஆம்பியர் தேவை

நான்கு சிலிண்டர் எம்.ஜி.பி.களில் வந்த லூக்காஸ் ஏ.சி.ஆர். வகை ஆல்டர்னேட்டர்கள் மாடலைப் பொறுத்து 34 முதல் 45 ஆம்பியர் வரை தரக்கூடியவை. அந்த வண்டிக்கு அது போதுமானதாக இருந்தது. வி8 இறக்கிய வண்டியில் கணக்கு வேறு. ரேடியேட்டருக்கு முன் பெரும்பாலும் இரண்டு மின்விசிறிகள் இருக்கும். அவை இரண்டும் சேர்ந்து ஓடும்போது ஏறத்தாழ 20 ஆம்பியர் இழுக்கும். 55 வாட் ஹெட்லைட் இரண்டுக்கு 8 ஆம்பியர், மற்ற சிறு விளக்குகளுக்கு 4, இக்னிஷனுக்கு 5, மின்சார பெட்ரோல் பம்ப்புக்கு 4, மழைநாளில் வைப்பரும் ஹீட்டர் விசிறியும் சேர்ந்து 9 என்று கூட்டினால் 50 ஆம்பியர் வந்துவிடுகிறது. எந்த ஆல்டர்னேட்டரும் ஐடிலிங்கில் தன் முழு அளவைத் தருவதில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், 65 அல்லது 70 ஆம்பியர் ஆல்டர்னேட்டர்தான் இந்த வண்டிக்குப் பொருத்தம். 1980-களிலிருந்து பல பிரிட்டிஷ் கார்களில் வந்த லூக்காஸ் ஏ127 வகை எளிதில் கிடைக்கும், பொருத்துவதும் சுலபம். அதைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

நூறு ஆம்பியருக்கு மேற்பட்டதை வாங்கிவிட்டால் பிற்காலத்துக்கும் ஆகுமே என்ற ஆசை பலருக்கும் வரும். ஒற்றை வி பெல்ட்டில் அந்தச் சுமையை ஓட்டினால் பெல்ட் வழுக்கும், கிறீச்சிடும், சீக்கிரம் தேயும். தேவைக்கு மேல் ஆம்பியர் வாங்குவது வீண் செலவு என்பதோடு நில்லாமல், ஒயர் முழுவதையும் அதற்கேற்பத் தடிமனாக்கும் கட்டாயத்தையும் கூடவே கொண்டுவரும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டிய இன்னொன்று, ஆல்டர்னேட்டரின் கைவாட்டம். புல்லி உங்களைப் பார்க்கும்படியும் கீல் போல்ட் போகும் காதுகள் கீழே இருக்கும்படியும் பிடித்துப் பாருங்கள். பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் பட்டை சேரும் காது சிலவற்றில் இடப்பக்கமும், சிலவற்றில் வலப்பக்கமும், சிலவற்றில் நேர் உச்சியிலும் இருக்கும். ஏ127 மூன்று விதமாகவும் வருகிறது. பழைய ஆல்டர்னேட்டரை அருகில் வைத்து ஒப்பிடாமல் புதியதற்குப் பணம் கொடுக்காதீர்கள்.

கழற்றும் முன்னும் கழற்றும்போதும்

எம்.ஜி.பி.யின் பேட்டரி இன்ஜின் அறையில் இல்லை. இருக்கைகளுக்குப் பின்னால், தரைத்தட்டுக்கு அடியில் இருக்கிறது. 1974 வாக்கில்தான் ஒரே 12 வோல்ட் பேட்டரி வந்தது. அதற்கு முன் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்திருந்தார்கள். முதலில் எர்த் முனையை, அதாவது பாடியோடு இணைந்த முனையைக் கழற்றி, அது தானாகத் திரும்பித் தொடாதபடி துணி சுற்றி ஒதுக்கிவையுங்கள்.

எர்த் எந்தப் பக்கம் என்பதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்வது இங்கே மிக முக்கியம். 1967-ஆம் ஆண்டின் பிற்பகுதி வரை வந்த எம்.ஜி.பி.களில் ஆல்டர்னேட்டருக்குப் பதில் பழைய வகை டைனமோ இருந்தது. அவற்றில் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருந்தது. அதன் பின்னர் வந்தவை நெகட்டிவ் எர்த். இன்ஜின் மாற்றியவர் இதையும் மாற்றியிருப்பார் என்று நம்பிவிட வேண்டாம். தலைகீழாக இணைத்த நொடியிலேயே ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோடுகள் எரிந்துவிடும். அதற்கு உத்தரவாதம் கேட்டு எந்தக் கடைக்கும் போக முடியாது. டைனமோ காலத்து வண்டியாக இருந்தால் அதன் கன்ட்ரோல் பாக்ஸும், 1968-ஐ ஒட்டிய 16ஏ.சி. வகையாக இருந்தால் தனியே பொருத்திய ரெகுலேட்டரும் (வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் கருவி) இன்னும் மின்சுற்றில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஏ127-க்குள்ளேயே ரெகுலேட்டர் இருப்பதால் அவை இரண்டுமே மின்சுற்றிலிருந்து விலக வேண்டும்.

பழையதைக் கழற்றும் முன் நான்கு பக்கமும் புகைப்படம் எடுத்து, ஒவ்வொரு ஒயரின் நிறத்தையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். லூக்காஸ் நிறமுறையில் தனிப் பழுப்பு நிறம் பேட்டரியிலிருந்து நேரே வரும் மின்சாரத்தையும், பழுப்பும் மஞ்சளும் கலந்த ஒயர் சார்ஜ் எச்சரிக்கை விளக்கையும் குறிக்கும். ஆனால் இன்ஜின் மாற்றியவர் கையில் அன்று சிவப்பு ஒயர்தான் இருந்திருக்கலாம். எனவே நிறத்தை ஒரு துப்பாக மட்டும் எடுத்துக்கொண்டு, மீட்டரால் சோதித்த பிறகே முடிவுக்கு வாருங்கள்.

புல்லி

பழைய ஆல்டர்னேட்டரின் புல்லி விட்டத்தையும், இன்ஜினின் கிராங்க் தண்டு முனையில் உள்ள கிராங்க் புல்லியின் விட்டத்தையும் அளந்து, இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் சுழற்சி விகிதம் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, கிராங்க் புல்லி 150 மில்லிமீட்டரும் ஆல்டர்னேட்டர் புல்லி 65 மில்லிமீட்டரும் என்றால் விகிதம் 2.3. இன்ஜின் நிமிடத்துக்கு 750 சுற்றில் ஐடிலிங்கில் இருக்கும்போது ஆல்டர்னேட்டர் ஏறத்தாழ 1730 சுற்றில் ஓடும். 5500-க்கு விரட்டினால் 12,700-ஐத் தொடும். முதல் எண் மிகக் குறைந்தால் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் பேட்டரி காலியாகும். இரண்டாவது எண், தயாரிப்பாளர் சொல்லும் உச்ச வேகத்துக்குள் அடங்க வேண்டும்.

புதிய ஆல்டர்னேட்டர் பட்டையான பல்வரிப் புல்லியோடு வந்து, உங்கள் கிராங்க்கில் வி பள்ளம் இருந்தால் புல்லியை மாற்றத்தான் வேண்டும். நட்டைக் கழற்றுவதற்காக விசிறி இறக்கைகளுக்கு நடுவே ஸ்குரூடிரைவரைச் செருகிப் பிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இறக்கை வளைந்தால் அதிர்வு பியரிங்கைத் தின்றுவிடும். இம்பாக்ட் கன் உள்ள ஒரு பட்டறைக்கு எடுத்துப் போனால் ஒரு நிமிட வேலை. ஆல்டர்னேட்டர் எந்தத் திசையில் சுழன்றாலும் மின்சாரம் வரும். ஆனால் வெளிப்புற விசிறியின் இறக்கைச் சாய்வு ஒரு திசைக்கே உரியது என்பதால், அது காற்றைச் சரியான பக்கம் தள்ளுகிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

பிராக்கெட்டும் நேர்கோடும்

புதியதைத் தூக்கி இடத்தில் வைத்துக் கீல் போல்ட்டைத் தளர்வாகச் செருகுங்கள். இப்போது காதுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். அந்த இடைவெளி இருக்கும்போதே போல்ட்டை இறுக்கினால், போல்ட் இரண்டையும் ஒன்றோடொன்று இழுக்கும். வார்ப்பு அலுமினியம் வளையாது, உடையும். என் முதல் முயற்சியில் ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளியைப் போல்ட் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன். ஸ்பேனரின் கடைசிக் கால் சுற்றில் கேட்ட அந்தச் சிறு ஓசைக்கு ஒரு புதிய ஆல்டர்னேட்டரின் விலை கொடுத்தேன். பல ஆல்டர்னேட்டர்களின் பின்காதில் நகரக்கூடிய ஒரு புஷ் (உலோக உருளை வளையம்) இருக்கும். அது சிறிய இடைவெளியைத் தானே நிரப்பிக்கொள்ளும். புஷ் இல்லையென்றாலோ அது துருவேறி இறுகியிருந்தாலோ, எஃகு வாஷர்களை அடுக்கி இடைவெளியை முழுவதும் நிரப்பிய பின்னரே இறுக்க வேண்டும்.

அந்த வாஷர்களை எந்தப் பக்கம் போடுவது என்பதைப் பெல்ட்டின் நேர்கோடு தீர்மானிக்கும். கிராங்க் புல்லி, தண்ணீர் பம்ப் புல்லி, ஆல்டர்னேட்டர் புல்லி ஆகிய மூன்றின் பள்ளங்களும் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். நேரான இரும்புப் பட்டை ஒன்றைக் கிராங்க் புல்லியின் முகத்தில் அழுத்திப் பிடித்து, ஒவ்வொரு புல்லியிலும் பட்டையிலிருந்து பள்ளத்தின் நடு வரைக்கும் உள்ள தூரத்தை அளந்து ஒப்பிடுங்கள். புல்லிகளின் விளிம்புத் தடிமன் வேறுபடும் என்பதால் விளிம்பை விளிம்போடு ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள். மையங்களுக்கு இடையே 300 மில்லிமீட்டர் தூரம் இருந்தால் 2 மில்லிமீட்டர் விலகலை வி பெல்ட் பொறுத்துக்கொள்ளும். நான் ஒன்றுக்குள் கொண்டுவந்த பிறகே நிறுத்துவேன். ஆல்டர்னேட்டர் முன்னோ பின்னோ நகர்ந்தது மட்டுமல்லாமல் சாய்ந்தும் இருக்கிறதா என்று மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும்; சாய்வை வாஷரால் சரிசெய்ய முடியாது, பிராக்கெட்டைத்தான் சரிசெய்ய வேண்டும்.

பிராக்கெட்டை வண்டியில் வைத்தபடியே வெல்டிங் செய்வதென்றால் ஆல்டர்னேட்டரின் ஒயர்கள் அனைத்தையும் முதலில் கழற்றிவிடுங்கள். எக்ஸாஸ்ட் குழாய் அருகில் ஓடும் வண்டிகளில் நடுவே ஒரு தகட்டைத் தடுப்பாக வைப்பதும் அவசியம். இந்தச் சிறிய இன்ஜின் அறைக்குள் வி8-இன் வெப்பம் போக்கிடம் இல்லாமல் தவிக்கும். 1993-இல் வந்த எம்.ஜி. ஆர்.வி.8-இல் எக்ஸாஸ்ட் குழாய்களை உள் மட்கார்டின் வழியே வெளியே எடுத்ததைப் பார்த்து, பழைய வண்டிக்காரர்கள் பலர் அதே முறையைப் பின்பற்றியிருக்கிறார்கள். உங்கள் வண்டியில் அப்படி இருந்தால் ஆல்டர்னேட்டருக்கு நல்ல காலம்.

பெல்ட்

பெல்ட் நீளத்தைக் கணக்குப் போடுவதைவிட, நீளாத நூல் ஒன்றை மூன்று புல்லிகளையும் சுற்றிக் கட்டி அளப்பது சுலபம். ஆல்டர்னேட்டரை இன்ஜினுக்கு நெருக்கமான முனையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வெளியே இழுத்த நிலையில் வைத்து அளந்தால், பெல்ட்டை மாட்டுவதற்கும் பின்னர் இறுக்குவதற்கும் இடம் கிடைக்கும். இறுக்கும்போது புல்லியை ஒட்டிய முன்பக்கத்து உடலில் மரக்கட்டையை வைத்து நெம்புங்கள்; பின்பக்கத்தில் நெம்பினால் வார்ப்பு விரியும். மிக நீளமான ஓட்டத்தின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தும்போது ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் உள்ளே போனால் சரி. அதைவிட இறுக்கினால் ஆல்டர்னேட்டருக்கு முன் தண்ணீர் பம்ப்பின் பியரிங் போய்விடும்.

ஒயரிங்

வந்த வேலையில் பாதி இங்கேதான் இருக்கிறது. புதியவர்கள் அவசரப்படுவதும் இங்கேதான். ஆல்டர்னேட்டரைப் பெரிதாக்கிவிட்டுப் பழைய ஒயரை அப்படியே விடுவது, சிறிய கால்வாயில் பெரிய மதகைத் திறந்துவிடுவதற்குச் சமம். 3 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி 2 மீட்டர் நீளத்துக்கு 50 ஆம்பியரைக் கொண்டுபோனால் வழியிலேயே ஏறத்தாழ 0.57 வோல்ட் தொலைந்துபோகும். கிட்டத்தட்ட 29 வாட் வெப்பம் அந்தக் கம்பிக்குள்ளேயே பிறக்கும். அதே தூரத்துக்கு 16 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டால் இழப்பு 0.11 வோல்ட்டுக்குச் சுருங்கும். எனவே ஆல்டர்னேட்டரிலிருந்து மின்சாரம் வெளிவரும் பி பிளஸ் திருகிலிருந்து, நம் பட்டறைகளில் செல்ஃப் மோட்டார் என்று அழைக்கப்படும் ஸ்டார்ட்டரின் பேட்டரி கேபிள் சேரும் திருகு வரைக்கும் 16 சதுர மில்லிமீட்டரில் புதிய ஒயர் ஒன்றைத் தனியாக இழுங்கள். பேட்டரியிலிருந்து அந்தத் திருகு வரை ஏற்கெனவே தடித்த கேபிள் வருவதால், வண்டியின் பின்பக்கம் வரைக்கும் புதிதாக இழுக்க வேண்டியதில்லை.

இந்த ஒயருக்கு போல்ட் போட்டு இறுக்கும் வகை 100 ஆம்பியர் பியூஸ் ஒன்று வேண்டும். அதை ஆல்டர்னேட்டர் பக்கம் வைக்காமல் ஸ்டார்ட்டர் பக்கம் வையுங்கள். ஒயர் எங்காவது உரசி எர்த்தானால் பெருமின்சாரம் பாய்ந்து வருவது பேட்டரியிலிருந்துதான். பியூஸ் அந்தப் பக்கம் இருந்தால் மட்டுமே முழு ஒயரையும் காக்கும். இன்ஜினைச் சுழற்றும் மின்சாரம் இந்தப் பியூஸ் வழியே போவதில்லை என்பதால் ஸ்டார்ட் செய்யும்போது அது எரியுமோ என்ற அச்சம் வேண்டாம்.

பழைய பழுப்பு ஒயரை என்ன செய்வது என்ற கேள்வி அடுத்து வரும். இரண்டும் இருக்கட்டுமே, கூடுதல் பலம்தானே என்று அதையும் பி பிளஸ்ஸிலேயே சேர்த்து வைப்பவர்கள் உண்டு. புதிய ஒயரின் பியூஸ் என்றைக்காவது போனால் முழுச் சுமையும் அந்த மெல்லிய பழைய ஒயர் மேல் விழும். அது டாஷ்போர்டுக்குப் பின்னால் மற்ற ஒயர்களோடு கட்டாக ஓடுகிறது என்பதை எண்ணிப் பாருங்கள். அதன் முனையைக் காப்பிட்டுக் கட்டிவிடுவதே நல்லது. ஆனால் அதற்கு முன், வண்டியின் பியூஸ் பெட்டிக்கு மின்சாரம் அந்த ஒயரின் வழியாகத்தான் போகிறதா என்று மீட்டரால் பாருங்கள். அப்படியானால் அந்தப் பாதையை ஸ்டார்ட்டர் திருகிலிருந்து தனிப் பியூஸோடு கொடுக்க வேண்டும். ஒயர் முனையில் மாட்டும் உலோக வளையங்களான லக்குகளைச் சரியான கிரிம்ப் கருவியால் அழுத்துங்கள். குறட்டால் நசுக்கி ஈயம் ஊற்றிய இணைப்பு, அதிர்வில் ஈயம் முடியும் இடத்தில் முறியும்.

அடுத்தது எர்த். இன்ஜின் மாற்றிய வண்டிகளில் அதிகமாக மறந்துபோவது இதுவே. இன்ஜின் ரப்பர் மவுண்ட்களின் மேல் உட்கார்ந்திருப்பதால் பாடியோடு அதற்கு மின்தொடர்பு கிடையாது. ஒரு பின்னல் பட்டைதான் அந்தத் தொடர்பைத் தருகிறது. பழைய இன்ஜினோடு அந்தப் பட்டையும் குப்பைக்குப் போயிருந்தால், மின்சாரம் சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் என்று கிடைத்த வழியில் திரும்பும். கேபிள் சூடாகி உறை உருகுவதும் இதனால்தான். ஆல்டர்னேட்டரும் தன் உடல் வழியாகவே எர்த் பெறுகிறது. பிராக்கெட்டுக்குப் பெயின்ட் அடித்து அழகாக வைத்திருந்தால் அந்த அழகே தடை. போல்ட் அமரும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, இன்ஜினிலிருந்து பாடிக்கு 16 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத பட்டை ஒன்றைப் போடுங்கள். ஆல்டர்னேட்டர் உடலிலிருந்து இன்ஜினுக்கு இன்னொரு சிறிய ஒயர் கொடுத்தாலும் நட்டமில்லை.

எச்சரிக்கை விளக்கு

பழுப்பு மஞ்சள் ஒயர் ஆல்டர்னேட்டரின் டி பிளஸ் என்ற சிறு முனைக்குப் போகிறது. டாஷ்போர்டில் உள்ள அந்தச் சிவப்பு விளக்கை வெறும் அறிவிப்பாக எண்ணக்கூடாது. சாவியைத் திருப்பியதும் அதன் 2.2 வாட் பல்பு வழியாகப் போகும் சிறு மின்சாரமே உள்ளே சுழலும் பகுதியான ரோட்டரைக் காந்தமாக்கி ஆல்டர்னேட்டரை எழுப்புகிறது. பல்பு எரிந்துபோயிருந்தால் இன்ஜினை நன்றாக முறுக்கும் வரை சார்ஜ் தொடங்காது. முந்தைய உரிமையாளர் அங்கே எல்.இ.டி. போட்டிருந்தாலும் அதே கதைதான். அப்போது விளக்குக்கு இணையாக 68 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்தால் போதும்.

இன்னொரு விசித்திரமும் நேரலாம். சாவியை அணைத்த பிறகும் இன்ஜின் நிற்காமல் ஓடினால், டி பிளஸ்ஸிலிருந்து மின்சாரம் பல்பு வழியாகப் பின்னோக்கி வந்து இக்னிஷன் ரிலேயைப் பிடித்துவைத்திருக்கிறது என்று பொருள். விளக்கிலிருந்து ஆல்டர்னேட்டர் பக்கம் மட்டும் மின்சாரம் போகும்படி அந்த ஒயரில் ஒரு டயோடு வைத்தால் தீரும். சில ஆல்டர்னேட்டர்களில் உள்ள டபிள்யூ முனை டீசல் வண்டிகளின் டாக்கோமீட்டருக்கானது. அதைத் தொட வேண்டாம்.

அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் இன்ஜின் இறக்கிய எம்.ஜி.பி. உங்களுடையது என்றால் சி.எஸ்.130 வகை ஆல்டர்னேட்டரைப் பார்க்க நேரலாம். அதில் எச்சரிக்கை விளக்கின் ஒயர் சேரும் எல் முனைக்கு 12 வோல்ட்டை நேரடியாகக் கொடுத்தால் உள்ளே இருக்கும் ரெகுலேட்டர் போய்விடும். பல்போ ரெசிஸ்டரோ நடுவே இருந்தே ஆக வேண்டும்.

சோதனை

பேட்டரியை இணைத்து, இன்ஜினை ஓட்டும் முன் பேட்டரியின் வோல்ட்டை அளவிடுங்கள். நன்றாகச் சார்ஜ் ஆன பேட்டரி 12.6-ஐ ஒட்டிக் காட்டும். சாவியைத் திருப்பினால் சிவப்பு விளக்கு எரிய வேண்டும், இன்ஜின் ஓடியதும் அணைய வேண்டும். 1500 சுற்றில் பேட்டரி முனையில் 13.8 முதல் 14.6 வரை வந்தால் ரெகுலேட்டர் சரி. பிறகு ஹெட்லைட், மின்விசிறிகள், ஹீட்டர் எல்லாவற்றையும் போட்டுவிட்டு இரண்டு அளவுகளை எடுங்கள். பி பிளஸ் திருகுக்கும் பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கும் இடையே 0.5 வோல்ட்டுக்குக் குறைவாகவும், ஆல்டர்னேட்டர் உடலுக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்குக் குறைவாகவும் இருக்க வேண்டும். முதலாவது கூடினால் குறை ஒயரில் அல்லது லக்கில்; இரண்டாவது கூடினால் எர்த்தில். சுமை இல்லாமல் எடுத்த அளவு இந்தக் குறைகளைக் காட்டிக்கொடுக்காது.

சார்ஜ் ஆகிறதா என்று பார்க்க, ஓடும் இன்ஜினில் பேட்டரி முனையைக் கழற்றிப் பார்க்கும் பழைய வழக்கம் டைனமோ காலத்தோடு போக வேண்டியது. ஆல்டர்னேட்டரில் அதைச் செய்தால் வோல்ட் ஒரு கணம் தாறுமாறாக எகிறி டயோடுகளையும், மின்னணு இக்னிஷன் இருந்தால் அதையும் சேர்த்தே கொல்லும்.

புதிய பெல்ட் முதல் சில நாட்களில் சற்றுத் தளரும். 200 கிலோமீட்டர் ஓடியதும் மீண்டும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து இறுக்குங்கள். கீல் போல்ட்டையும் பட்டை போல்ட்டையும் அப்போதே ஒருமுறை ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். இரவில் விளக்குகளோடு அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து இன்ஜினை நிறுத்தி, பேட்டரியின் எர்த்தைக் கழற்றிய பின், புதிய ஒயரின் இரண்டு லக்குகளையும் விரலால் தொட்டுப் பாருங்கள். இன்ஜின் அறையின் வெப்பத்தால் இரண்டுமே கதகதப்பாக இருக்கும். ஒன்று மட்டும் தொட முடியாமல் சுட்டால் அந்தக் கிரிம்பை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.